வாட் கூடினால் வழி தெரியுமா?

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், மதுரவாயலுக்கும் பூந்தமல்லிக்கும் இடையே உள்ளது வேலப்பன்சாவடி. இரவிலும் இங்கே லாரிகளும் பேருந்துகளும் ஓய்வதில்லை. அவற்றினூடே சைக்கிளில் வருவோரும், சாலையை நடந்து கடப்போரும் உண்டு. இத்தகைய சாலையில் கார் ஓட்டுபவர், "விளக்கு போதவில்லை, 100 வாட் பல்பு போட்டால் நன்றாகத் தெரியும்" என எண்ணுவது இயல்பே. இவ்வெண்ணம் எந்த அளவுக்குச் சரி என்பதை ஆராய்வோம்.

எவ்வளவு தூரம் தெரிய வேண்டும்?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. எதிரில் ஆள் நிற்பதைக் கண்டு, பிரேக்கை மிதிப்பதற்குள் ஒன்றரை நொடி கழிகிறது எனக் கொள்வோம். அதற்குள் கார் 25 மீட்டர் சென்றுவிடும். பிரேக் பிடித்த பின், உலர்ந்த சாலையில் நிற்க மேலும் 23 மீட்டர் வேண்டும். ஆக, ஏறக்குறைய 50 மீட்டர். வேகம் 80 கிலோமீட்டர் ஆனால் இத்தூரம் 75 மீட்டரைத் தொடும். டிம் விளக்கில், கறுப்பு உடை அணிந்தவர் பல வேளைகளில் 50 மீட்டருக்குள் வந்த பிறகே கண்ணில் படுகிறார். எனவே விளக்கைப் பற்றிய கவலை நியாயமானதே.

100 வாட் என்ன தரும்?

பல கார்களில் உள்ளது 'எச் 4' எனப்படும் ஹாலஜன் பல்பு. ஐரோப்பாவில் 1971-இல் வந்த இதில் இரண்டு மின்னிழைகள் உள்ளன. பிரைட்டுக்கு 60 வாட். டிம்முக்கு 55 வாட். சந்தையில் இதே வடிவத்தில் 100/90 வாட் பல்புகளும் கிடைக்கின்றன.

60 வாட்டுக்குப் பதில் 100 வாட் என்றால் ஒளி சுமார் ஒன்றே முக்கால் மடங்காகும். ஆனால், தொலைவு இரு மடங்கானால் ஒளிச்செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது பள்ளியில் நாம் படித்த விதி. ஆகவே 50 மீட்டரில் கிடைத்த அதே வெளிச்சம், புதிய பல்பினால் 65 மீட்டர் வரைதான் நீளும். அதுவும் பல்புக்கு முழு மின்னழுத்தமும் கிடைத்தால்!

கம்பியில் மறையும் ஒளி

மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் மின்னிழையின் ஒளி வெகுவாகக் குறையும். 12 வோல்ட்டுக்குப் பதில் 11 வோல்ட் கிடைத்தால், ஒளியில் நான்கில் ஒரு பங்கு போய்விடும்.

பழைய கார்கள் பலவற்றில், விளக்குகளுக்கான மின்னோட்டம் முழுவதும் ஓட்டுநர் கையருகே உள்ள சுவிட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. கம்பி, சுவிட்ச், துருவேறிய இணைப்புகள் எல்லாம் சேர்ந்து 0.1 ஓம் தடை எனக் கொள்வோம். இரண்டு 60 வாட் பல்புகள் 10 ஆம்பியர் இழுக்கும். ஓம் விதிப்படி 1 வோல்ட் வழியிலேயே இழப்பாகும். 100 வாட் பல்புகள் சுமார் 17 ஆம்பியர் இழுக்கும்; இழப்பு 1.7 வோல்ட். அப்போது ஒளியில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்துவிடும். மிஞ்சுவது, முழு மின்னழுத்தம் பெறும் 60 வாட் பல்பு தரும் ஒளியே! கம்பியில் உண்டாகும் வெப்பமோ 10 வாட்டிலிருந்து 28 வாட்டாக ஏறும். சுவிட்ச் கருகுவதும், கம்பியின் உறை உருகுவதும் இதனால்தான்.

இதற்கு மருந்து ரிலே. பாட்டரியிலிருந்து தடித்த கம்பியை ஃபியூஸ், ரிலே வழியாக நேரே விளக்குக்குக் கொண்டு செல்ல வேண்டும். சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும். பழைய பல்பே புதுப் பொலிவு பெறும்.

எதிரே வருபவரின் கண்

எச் 4 பல்பில் டிம் இழையின் அடியில் சிறு உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. எதிரொளிப்பானின் கீழ்ப்பாதிக்கு ஒளி செல்லாமல் அது தடுப்பதால், கதிர்கள் சாலையை நோக்கிச் சாய்கின்றன. பல்பின் நுனியிலுள்ள கறுப்புப் பூச்சு, இழையிலிருந்து நேராக வெளியேறும் ஒளியை மறைக்கிறது. முன்விளக்கின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டும் வழக்கமும் இந்நோக்கத்தில் வந்ததே. இழை அதன் இடத்திலிருந்து சிறிது விலகினாலும் இவ்வமைப்பு கெடும். ஹாலஜனுக்கென அமைந்த விளக்கில் எல்.இ.டி. பல்பைச் செருகினால் பெரும்பாலும் நேர்வது இதுவே. அதன் ஒளிமூலத்தின் வடிவம் வேறு. ஒளி மேலே சிதறி எதிர்வருபவரின் கண்ணில் பாய்கிறது.

கூசிய கண் தெளியச் சில நொடிகள் வேண்டும். மூன்று நொடி என்றாலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் அவர் 50 மீட்டர் தூரத்தைக் குருடராகக் கடக்கிறார். அந்த 50 மீட்டரில் ஒருவர் சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம். நமக்குக் கிடைத்த 15 மீட்டருக்கு அவர் கொடுக்கும் விலை அது.

செய்யத்தக்கவை

முதலில் விளக்கின் முகப்பைத் துடையுங்கள். வெயிலில் மஞ்சளித்த பிளாஸ்டிக் முகப்பாயின் மெருகேற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது, விளக்கெரியும் நிலையில், பாட்டரியிலும் பல்பின் முனைகளிலும் மல்டிமீட்டரால் வோல்ட்டை அளந்து பாருங்கள். வேறுபாடு அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் குறை கம்பியில்தான்.

அடுத்து, சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். டிம் ஒளியின் மேல் விளிம்பு, விளக்கின் உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்து விழ வேண்டும். பின்புறம் சுமை ஏறினால் இவ்விளிம்பு உயரும் என்பதை மறவாதீர்கள்.

பல்பு கறுத்திருந்தால் அதே வாட்டில் புதியது மாற்றுங்கள். அதன் கண்ணாடியை வெறுங்கையால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை சூட்டில் கண்ணாடியைக் கெடுக்கும். நீலப்பூச்சுப் பல்பு வேண்டாம். அப்பூச்சு ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் வழி போதிய தூரம் தெரியவில்லையெனில், குறைக்க வேண்டியது வேகத்தையே. எதிரே வண்டி வரும்போது டிம் செய்வது அவருக்குக் காட்டும் மரியாதை மட்டுமன்று. அவர் முன்னே நடந்து செல்பவரின் உயிருக்குக் காப்புமாகும்.