உண்ணிச்செடியில் உருவாகும் யானைகள்

லண்டன் கிரீன் பார்க் புல்வெளியில் 2021 கோடையில் ஒரு யானைக்கூட்டம் நின்றது. குட்டியும் தாயுமாக, எல்லாம் நிஜ யானையின் அளவு. தோல் சுருக்கம் என்று தூரத்தில் தெரிந்ததெல்லாம், வரிசை வரிசையாக வளைத்து ஆணியடித்த குச்சிகள். நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்களின் கைவேலை அது. குச்சிகளைத் தந்தது, நம் வேலியோரங்களில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும் உண்ணிச்செடி.

மத்திய, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் பூவின் அழகுக்காகக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். தோட்டத்தோடு அது நிற்கவில்லை. கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்தைத் தின்று விதையைக் காடெங்கும் பரப்பின. இன்று இந்தியாவில் சுமார் 1.5 லட்சம் சதுர கிலோமீட்டர் காட்டில் அது பரவியிருக்கிறது. இலையில் நஞ்சு இருப்பதால் ஆடுமாடுகள் மேய்ந்தால் நோயில் விழும். புதர் மண்டிய இடத்தில் புல் தலைதூக்காது. புல் குறைந்தால் யானைக்கும் மானுக்கும் தீனி குறையும்.

அந்தச் செடியையே யானையாக்குகிறார்கள் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகக் கலைஞர்கள். வெட்டி வந்த தண்டுகளைப் பெரிய பாத்திரங்களில் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். வெந்த தண்டு நெகிழும்; முள்ளோடு பட்டையும் சுலபமாக உரியும். இரும்புக் கம்பிகளை வளைத்து, வெல்டிங் செய்த யானைக்கூடு ஒன்று முன்பே தயாராக நிற்கும். நெகிழ்ந்த தண்டுகளை அதன்மேல் உடலின் வளைவுக்கேற்பப் படியவைத்து ஆணியடிக்கிறார்கள். விறைப்பதற்குள் வளைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் முறிந்துவிடும். கடைசியில் உப்புத்தாள் தேய்ப்பும் வார்னிஷும். கூடலூரைச் சுற்றித் திரியும் காட்டு யானைகளே இவற்றுக்கு மாதிரி. அந்த யானைகளோடு ஒரே காட்டில் வாழ்கிறவர்களின் கை என்பதால்தான் தோளின் சரிவும் துதிக்கையின் திருப்பமும் அத்தனை இயல்பாக அமைகின்றன.

இந்த யானைகள் 2024இல் பெங்களூரு லால்பாக்கிலும், பிறகு அமெரிக்காவின் நியூபோர்ட், நியூயார்க் நகரங்களிலும் நின்றன. அமெரிக்கா போனவை மட்டும் 100. விற்பனைப் பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழ உதவும் பணிகளுக்குப் போகிறது.

உள்ளே இரும்பும் மேலே வார்னிஷும் இருப்பதால், இவை முழுக்க மட்கிப்போகும் சிற்பங்கள் அல்ல. ஆனாலும் இவற்றைச் சூழலுக்கு உகந்த கலை என்று தயங்காமல் சொல்வேன். மட்கும் பொருள் என்பதற்காகக் காட்டு மூங்கிலை வெட்டிச் சிலை செய்தால், யானை தின்னும் மூங்கில்தான் குறையும். உண்ணிச்செடியை எடுத்தால் காட்டுக்கு லாபம்.

அந்த லாபம் நிலைக்க ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தண்டை மட்டும் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து செடி மறுபடி தழைத்துவிடும். மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். புதிதாக முளைப்பதை ஆண்டுதோறும் பிடுங்கி, உள்ளூர்ப் புல்லுக்கும் மரத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

உண்ணிச்செடியைப் போலவே நம் சமவெளியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, ஏரிகளில் ஆகாயத்தாமரை மிதக்கிறது. ஊர்ப் பூங்காவிலோ ஏரிக்கரையிலோ சிற்பம் வைக்க நினைப்பவர்கள் இவற்றிலிருந்தே தொடங்கலாம். சிற்பத்தின் அழகைப் பார்த்துவிட்டு, அதற்குப் பொருள் எடுத்த இடத்தையும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். அங்கே புல் முளைத்திருந்தால்தான் அந்தக் கலை இயற்கைக்கு உதவியது என்று சொல்ல முடியும்.