விமான விபத்துத் தொடர்களும் வீட்டுப் பிள்ளைகளும்

சூரியநெல்லி, சின்னக்கானல் வட்டாரத்தில் தேயிலைக்கும் ஏலத்துக்கும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பலவற்றில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் கையில்தான் மாலை நேரத் தொலைக்காட்சி இருக்கிறது. திரைப்படம் பார்த்தால் கண்டிக்கும் பெரியவர்கள், விமான விபத்து பற்றிய ஆவணத் தொடர் ஓடினால் அறிவு வளரட்டும் என்று விட்டுவிடுவது இயல்பு. அந்த எண்ணம் பாதி சரி. மறு பாதியை இங்கே சிந்திப்போம்.

கனடாவில் தயாராகி 2003 முதல் வெளிவரும் 'மேடே' தொடர், 'ஏர் கிராஷ் இன்வெஸ்டிகேஷன்' என்ற பெயரில் நம் நாட்டில் பலருக்கும் அறிமுகமானது. விபத்தை நடிகர்களைக் கொண்டு மீண்டும் நடித்துக் காட்டுவதும், பின்னர் புலனாய்வாளர்கள் காரணத்தைத் தேடிச் செல்வதும் அதன் அமைப்பு. முதற்பகுதி அச்சம் தருவது. பிற்பகுதி அறிவு தருவது. பயந்த பிள்ளை முதற்பகுதியுடன் எழுந்து சென்றுவிட்டால் அச்சம் மட்டுமே மனத்தில் தங்கும்.

நம் மலைக்கு ஏன் கூடுதல் கவனம்?

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரை இழந்தோம். மறுநாள் இரவே, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 21 பேர் இறந்தனர். இரு துயரங்களும் ஒரே திரையில் மாறி மாறி ஓடின. அவற்றைக் கண்ட சிறுவர்கள் இன்று பதின்பருவத்தில் இருக்கிறார்கள். தந்தையோ மாமாவோ வளைகுடா நாட்டில் உழைக்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு. அவ்வீட்டுப் பிள்ளைக்கு விமானம் என்பது அப்பா வரும் வழி. அதனால்தான் திரையில் நொறுங்குவது அதற்கு வெறும் இயந்திரமாகத் தோன்றுவதில்லை.

வயதுக்கேற்ற அளவு

ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இத்தொடர்கள் வேண்டாம். நடித்துக் காட்டுவதையும் உண்மையையும் பிரித்தறிய அவர்களால் இயலாது. ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்தால், மீண்டும் மீண்டும் விபத்து நிகழ்வதாகவே எண்ணக்கூடும். ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை, பெரியவர் ஒருவர் உடனிருந்து, தொடங்கிய பகுதியை இறுதிவரை பார்க்கச் செய்யலாம். அதற்கு மேற்பட்டோர் தனியே பார்த்தாலும், பார்த்ததைப் பற்றிப் பேச வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். உறங்கும் நேரத்தில் எவருக்கும் வேண்டாம்.

2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இணையவழித் தளங்கள் தம் நிகழ்ச்சிகளை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என வகைப்படுத்த வேண்டும். 13+ மற்றும் அதற்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் தர வேண்டும். அந்த இரகசிய எண்ணை ஏ.டி.எம். எண்ணைப் போலவே காக்க வேண்டும். பிள்ளையின் பிறந்த ஆண்டையே எண்ணாக வைப்பதில் பயனில்லை.

உடனிருந்து என்ன சொல்லலாம்?

'இது எதனால் நடந்தது? பிறகு என்ன மாறியது?' என்ற இரண்டு கேள்விகள் போதும். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டனர். அதன் பின்னரே, மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவி நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. கோழிக்கோட்டு விபத்தில், மழையில் இறங்கிய விமானம் ஓடுபாதையின் ஏறத்தாழ பாதித் தூரம் கடந்தே தரைதொட்டது என விசாரணை கண்டறிந்தது. பெருந்தொற்றுக் கால அச்சத்தையும் மறந்து, காயமுற்றோரைத் தம் வாகனங்களில் ஏற்றிச் சென்ற கரிப்பூர் மக்களின் செயலையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொரு வரலாறும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டேவிட் வாரன் ஒன்பது வயதில், 1934-இல், தந்தையை விமான விபத்தில் இழந்தார். தந்தை கடைசியாகத் தந்த பரிசு ஒரு கிறிஸ்டல் வானொலிப் பெட்டி. அதனால் மின்னணுவியலில் ஆர்வம் கொண்ட அச்சிறுவன்தான், வளர்ந்து 1950-களில் விமானிகளின் குரலையும் கருவிகளின் அளவுகளையும் பதிவுசெய்யும் கருவியை உருவாக்கினார். கருப்புப் பெட்டி என நாம் அழைக்கும் அதன் நிறம் ஆரஞ்சு என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளையின் அடுத்த கேள்வி அச்சத்திலிருந்து பிறக்காது.

அச்சம் நீங்காவிட்டால்

'ஒன்றும் ஆகாது' என்று வாயடைப்பதைவிட, 'ஆயிரக்கணக்கான விமானங்கள் இன்றும் பத்திரமாக இறங்கின' என்ற உண்மையைச் சொல்வது நன்று. வெளிநாட்டில் இருப்பவர் பயணம் செய்யும் நாளில் இத்தொடர்களைத் தவிர்க்கலாம். அவர் இறங்கியதும் முதல் அழைப்பைப் பிள்ளையிடம் பேசச் சொல்லலாம். தூக்கமின்மை, பள்ளி செல்ல மறுப்பு போன்றவை சில வாரங்கள் நீடித்தால், மைய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.