ஈரத்தை வாங்கும் மணிகள்: பெட்டிக்குள் வைத்தால் பயன், அலமாரியில் வைத்தால் வீண்



புதுச் சப்பாத்து வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். 'சாப்பிடாதீர்' என்று எழுதியிருக்கும். நாம் அதைப் பிரித்துப் பார்க்காமலே குப்பையில் போட்டுவிடுவோம். உள்ளே இருப்பவை சிலிக்கா ஜெல் மணிகள். காற்றில் உள்ள ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். சூடாக்கினால் அந்த ஈரத்தை வெளியே விட்டுவிட்டு மறுபடியும் வேலைக்குத் தயாராகிவிடும். இப்போது இவை கிலோக்கணக்கிலும் விற்கின்றன. பலர் வாங்குகிறார்கள். ஆனால், சரியாகப் பயன்படுத்துகிறோமா?

நான் சரியாகப் பயன்படுத்தவில்லை. சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் மறைந்த அப்பாவின் பிறப்புப் பத்திரம் தேவைப்பட்டது. அலமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த அதை எடுத்தால், தாள் உறையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. முத்திரையின் மை கலங்கி, ஓரமெல்லாம் பூஞ்சணம். அம்மா கேட்டார்: "அதான் ஈரம் வாங்குற குண்டு போட்டு வச்சிருந்தியே, அப்புறம் எப்படிப்பா இப்படி ஆச்சு?"

நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

மணிக்குள் என்ன நடக்கிறது?

சிலிக்கா ஜெல் என்பது சிலிக்கன் டை ஆக்சைடு. கடற்கரை மணலிலும் முக்கியமாக இருப்பது இதுதான். ஆனால், மணல் ஈரத்தைப் பிடித்து வைப்பதில்லை, இந்த மணி பிடித்து வைக்கிறது. காரணம் அதன் அமைப்பு. மணி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். ஒரே ஒரு கிராம் மணிக்குள் இருக்கும் துளைச் சுவர்களின் பரப்பை விரித்துப் போட்டால் பல நூறு சதுர மீட்டர் வரும். பூப்பந்து இரட்டையர் ஆடுகளம் ஒன்றின் பரப்பளவே ஏறக்குறைய 82 சதுர மீட்டர்தான்!

நீராவித் துகள்கள் இந்தச் சுவர்களில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல் பொருளுக்குள் கலந்து ஊறுவது உறிஞ்சுதல். இதுபோல் பரப்பின்மேல் ஒட்டிக்கொள்வது பரப்புக்கவர்தல். மாணவர்களே, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இங்கே வேதிமாற்றம் எதுவும் இல்லை. ஒட்டியதை வெப்பம் கொடுத்துப் பிரிக்க முடிகிறது. மணியை மீண்டும் மீண்டும் பயன்படுத்த முடிவது அதனால்தான்.

பேரங்காடிகளில் விற்கும், அடியில் தண்ணீர் சேரும் டப்பாக்கள் வேறு வகை. அவற்றில் பெரும்பாலும் இருப்பது கால்சியம் குளோரைடு உப்பு. அது ஈரத்தை வாங்கி, தானே கரைந்து திரவமாகிவிடும். வீட்டில் அதைத் திரும்பப் பயன்படுத்த வழியில்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

நம் வட்டாரக் காற்று எப்போதுமே ஈரமானது. சிங்கப்பூரில் ஒப்பு ஈரப்பதத்தின் ஆண்டுச் சராசரி 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மலேசியாவின் தாழ்நிலப் பகுதிகளிலும் நிலைமை ஏறக்குறைய இப்படித்தான். 70 விழுக்காட்டுக்கு மேல் பல நாள் நீடித்தால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்.

30 பாகை செல்சியஸ் வெப்பத்தில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 25 கன மீட்டர் கொண்ட படுக்கையறையில் 600 கிராம். அதை 50 விழுக்காட்டுக்கு இறக்க 225 கிராம் நீரை எடுக்க வேண்டும். 100 கிராம் மணி அந்த நிலையில் பிடித்து வைப்பது 20, 25 கிராம்தான். அதற்குள் யாராவது கதவைத் திறந்தால் புது ஈரம் உள்ளே வந்துவிடும்!

இப்போது 20 லிட்டர் காற்றுப்புகாப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதனுள் இருக்கும் காற்றில் அரை கிராம் நீராவிகூட இல்லை. அதே 100 கிராம் மணிக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

என் தவறு புரிகிறதா? இடுக்குள்ள மர அலமாரியில் மணியைப் போட்டேன். அது சில நாளிலேயே நிரம்பியிருக்கும். அதன்பின் 2 ஆண்டுகள் அது வெறும் கூழாங்கல். நானோ பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சரியான முறை

1. ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள பெட்டியைத் தேர்ந்தெடுங்கள். மணிகளைத் துணிப்பையில் கட்டி வையுங்கள். காய்ந்த மணியின் எடையைப் பையில் எழுதி வையுங்கள்.

2. பத்திரங்களை முதலில் குளிர்சாதன அறையில் ஓரிரு நாள் விரித்து உலர விடுங்கள். இது மிக முக்கியம். ஈரக் காற்றில் இருந்த தாள் தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நீரை வைத்திருக்கும். பெட்டிக் காற்றில் இருப்பதைவிட இது பல மடங்கு அதிகம். அதனால் முதல் வாரத்தில் மணியை ஓரிரு முறை மாற்ற வேண்டிவரும்.

3. சிறிய ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வையுங்கள். தாளுக்கு 40 முதல் 50 விழுக்காடு போதும். "இன்னும் காயட்டும்" என்று மணியை அள்ளிக் கொட்டாதீங்க. மிகவும் காய்ந்த தாள் மடிப்பில் முறிந்துவிடும்.

4. மணியின் எடை கால் பங்கு கூடினால் சூடாக்கும் நேரம் வந்துவிட்டது. உலோகத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஓவனில் 110 முதல் 120 பாகை செல்சியஸில் 2 மணி நேரம் வையுங்கள். பழைய எடைக்குத் திரும்பினால் வேலை முடிந்தது. வெயிலில் காயவைத்தால் போதாதா? போதாது. நம் பிற்பகல் காற்றிலேயே 60 விழுக்காடு ஈரப்பதம் இருக்கிறதே!

5. சூடு ஆறும்போது திறந்து வைக்காதீர்கள். கைபொறுக்கும் சூட்டிலேயே கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடுங்கள். இல்லையென்றால் ஆறும்போதே மீண்டும் ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

நிறம் மாறும் மணிகளும் உண்டு. நீலம் இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. அது நச்சுத்தன்மை உடையது. அதை வீட்டுக்கும் வகுப்பறைக்கும் வாங்க வேண்டாம். ஆரஞ்சு பச்சையாக மாறும் வகையையும் உணவுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சமையல் ஓவனில் சூடாக்கவும் வேண்டாம். நிறமற்ற மணியே போதும், தராசுதான் நம் அடையாளக் கருவி. நிறமற்ற மணி நச்சு அல்ல என்றாலும் சின்னப் பிள்ளைகள் விழுங்கினால் தொண்டையில் அடைக்கும். கவனம்.

வகுப்பறையில் செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள 2 கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் 50 கிராம் மணி, ஒரு பிஸ்கட். ஒன்றை மூடுங்கள், மற்றதைத் திறந்தே வையுங்கள். 3 நாளுக்குப் பிறகு மணியை நிறுத்துப் பாருங்கள். பிஸ்கட்டை உடைத்துப் பாருங்கள், சாப்பிட வேண்டாம்.

தற்சார்பு மாறி: குப்பியின் மூடி, அதாவது மூடியது அல்லது திறந்தது. சார்பு மாறி: மணியின் எடை. கட்டுப்படுத்தப்பட்ட மாறி: மணியின் தொடக்க எடை, குப்பியின் அளவு, வைத்த இடம், நாள்கள்.

திறந்த குப்பியில் மணியின் எடை நன்றாகக் கூடியிருக்கும். மூடிய குப்பியில் ஏறக்குறைய மாற்றமே இருக்காது. இப்போது மாணவர்களிடம் உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி ஒன்று கேளுங்கள்: "எந்த மணி பயனுள்ள வேலை செய்தது?" பலர் எடை கூடியதைத்தான் காட்டுவார்கள். அப்போது பிஸ்கட்டை உடைத்துக் காட்டுங்கள். அதிக ஈரத்தை வாங்கிய மணியின் பக்கத்தில் இருந்த பிஸ்கட் நமத்துப்போயிருக்கும். எடை கூடாத மணியின் பக்கத்தில் இருந்தது மொறுமொறுவென்று உடையும். ஏன் என்று மாணவர்களே விளக்கட்டும். அங்கேதான் பாடம் இருக்கிறது.

அப்பாவின் பத்திரத்துக்கு மறுபிரதி கேட்டு விண்ணப்பித்தோம், கிடைத்தது. ஆனால், தாத்தா கையெழுத்திட்ட அந்தப் பழைய தாள் திரும்ப வராது. இன்று மாலையே உங்கள் வீட்டுக் கோப்பைத் திறந்து பாருங்கள். உள்ளே மணிப் பொட்டலம் இருந்தால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். முதலில் தராசில் வையுங்கள்.