முதல் அழைப்பை எடுப்பவர்கள்

2024 ஜூலை 19. கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பழுதான அப்டேட் ஒன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த அப்டேட் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெறப்பட்டும், விழுந்த கணினிகள் பல தாமாக எழவில்லை. ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் திறந்து கோப்பை அழிக்க வேண்டியிருந்தது; பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணும் தேவைப்பட்டது. அலுவலகங்களை மீண்டும் இயக்கியவர்களில் பலர் ‘எல்1’ எனப்படும் முதல்நிலை சப்போர்ட் ஊழியர்கள்.

சென்னை ராஜா அண்ணாமலைபுரத்துப் பட்டதாரிக்கு இந்த வேலை தொலைவில் இல்லை. கிரீன்வேஸ் சாலை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறினால் ஐந்தாவது நிலையம் தரமணி. 2000-இல் திறந்த டைடல் பார்க்கும் ஓ.எம்.ஆர். அலுவலகங்களும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் ‘கோடிங் தெரியாதவர்கள் போகும் இடம்’ என்று பல வீடுகளில் இதை ஒதுக்குகிறார்கள்.

அது தவறான கணிப்பு. ‘மெயில் வரவில்லை’ என்று ஒரு டிக்கெட், அதாவது புகார்ப் பதிவு, வருகிறது. பாஸ்வேர்டு காலாவதியா, போனை மாற்றியதால் ஓ.டி.பி. நின்றதா, லைசென்ஸ் போனதா, அந்த ஒருவருக்கா, அலுவலகம் முழுவதற்குமா? வரிசையாகக் கேட்டுப் பிரித்தறிய வேண்டும். பாஸ்வேர்டை மாற்றித் தருமுன் அழைப்பவர் உண்மையான ஊழியர்தானா என்றும் உறுதி செய்ய வேண்டும். ஊழியர் போல நடித்து ஹெல்ப் டெஸ்க்கை ஏமாற்றுவது திருடர்களின் முக்கிய வழி. தன்னால் முடியாததை, செய்து பார்த்ததையெல்லாம் தெளிவாக எழுதி அடுத்த நிலையான எல்2-வுக்கு அனுப்புவதும் ஒரு திறமை.

கற்க வழிகள் உண்டு. ஐ.பி. முகவரி, டி.என்.எஸ்., லினக்ஸ் அடிப்படையை முதலில் பிடியுங்கள். மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளமும் என்.பி.டி.இ.எல். கிளவுட் பாடங்களும் இலவசம். கல்லூரியில் இருப்பவர்கள் 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தைப் பயன்படுத்தலாம். பிறகு மைக்ரோசாஃப்டின் ஏ.இசட்-900 அல்லது அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ். கிளவுட் பிராக்டிஷனர் தேர்வு; இரண்டிலும் 1000-க்கு 700 எடுத்தால் தேர்ச்சி. கிளவுட் இலவசக் கணக்கில் பயிற்சி செய்யும்போது பட்ஜெட் எச்சரிக்கையை வைத்துவிடுங்கள். மறந்துபோன ஒரு சர்வர் பில்லை ஏற்றிவிடும்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இரவு ஷிஃப்ட் இருக்கும், தொடக்கச் சம்பளம் குறைவாக இருக்கும். ஆனால் இரண்டு ஆண்டுகள் கவனித்து வேலை பார்ப்பவருக்கு ஒரு நிறுவனத்தின் கணினி அமைப்பு முழுவதும் பிடிபட்டுவிடும். அந்த அறிவோடு கிளவுட் அட்மின் வேலைக்குத் துணிந்து விண்ணப்பியுங்கள்.