தலைகீழாய்த் தொங்கி வானம் பார்த்த பூ

எங்கள் வீட்டு நிலைப்படிக்கு மேலே ஒரு சோற்றுக்கற்றாழை தலைகீழாய்த் தொங்குகிறது. சாலவாக்கத்தில் இது புதிதில்லை. தெருவில் பல வீடுகளில் வேர் மேலேயும் மடல் கீழேயுமாக, திருஷ்டிக்குக் கட்டிய கற்றாழை கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கும். எங்களுடையது போன ஆவணியில் கட்டியது. பிடித்துக்கொள்ள மண் இல்லை. தண்ணீர் ஊற்றுவார் இல்லை. திருமுக்கூடல் சாலையில் போகும் கல்குவாரி லாரிகளின் புழுதி, மடல்மேல் மாவு தூவியதுபோல் படிந்திருக்கும்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். மடல்களுக்கு நடுவிலிருந்து சுண்டுவிரல் தடிமனில் ஒரு தண்டு எட்டிப் பார்த்தது. முதலில் தரையை நோக்கித்தான் இறங்கியது. அடுத்த சில நாளில் மெல்ல வளைந்தது. பிறகு தூண்டில் முள்போல் திரும்பி, மடல்களுக்கு வெளியே வந்து, நேராக வானத்தைப் பார்த்து நிமிர்ந்துவிட்டது.

வாசலில் நின்று அதை எத்தனை நேரம் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. செடிக்குக் கண் இல்லை, காது இல்லை. எது மேல், எது கீழ் என்று அதற்கு யார் சொன்னது? தண்டின் உள்ளே சில உயிரணுக்களில் நுண்ணிய மாவுமணிகள் இருக்கின்றன. மணல்போல் அவை எப்போதும் கீழ்ப்பக்கம் போய்ப் படியும். எந்தப் பக்கம் படிகிறதோ அந்தப் பக்கத்தில் வளர்ச்சிச் சுரப்பு கூடும். அந்தப் பக்கம் வேகமாக நீளும். தண்டு மேல்நோக்கி வளையும். இவ்வளவுதான் கருவி. கண்ணுக்குத் தெரியாத சில மாவுமணிகளை வைத்துக்கொண்டு, தலைகீழாய்க் கட்டப்பட்ட ஒரு செடி வானம் இருக்கும் திசையைக் கண்டுகொள்கிறது. படைத்தவன் கை எவ்வளவு சிக்கனமானது!

சின்ன வயதில் ஆயாவிடம் கேட்டிருக்கிறேன். "ஏன் ஆயா, இப்படித் தொங்கவிட்டா செத்துடாதா?"

"அதெல்லாம் சாகாது சாமி. மண்ணு இல்லன்னா காத்தக் குடிச்சிப் பொழச்சிக்கும்."

ஆயா பள்ளிக்கூடம் போனவரில்லை. ஆனால் அந்தப் பேச்சில் பாதி மெய் இருப்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரிவளியை வாங்கும். நம்மூர்ச் சித்திரை வெயிலில் அப்படித் திறந்தால் உள்ளே இருக்கும் ஈரமெல்லாம் ஆவியாகிப் போய்விடும். கற்றாழை பகலெல்லாம் வாயை மூடிக்கொள்கிறது. ஊர் அடங்கி, காற்று குளிர்ந்த பிறகு, மடலில் உள்ள நுண்துளைகளைத் திறந்து கரிவளியை இழுத்து, அதைப் புளிப்பாக மாற்றி உள்ளே சேர்த்து வைக்கிறது. விடிந்ததும் கதவை மூடிக்கொண்டு, இரவு சேர்த்ததை எடுத்து, வெயிலைக் கொண்டு சமைக்கிறது. தொங்கவிட்ட செடிபோல் கடும் வறட்சியில் சிக்கினால் இரவிலும் கதவைத் திறக்காது. தான் விட்ட மூச்சையே திரும்ப எடுத்து, மடலில் சேர்த்த நீரைச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்து உயிரைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த இராச் சேமிப்பின் ருசியை நாக்கில் கண்டு எழுதி வைத்தவர் நம் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் ஹைனே என்ற தாவரவியலாளர். கட்டிப் போட்டால் குட்டி போடும் என்கிறோமே, அந்த ரணகள்ளி இலையைக் காலையில் கடித்துப் பார்த்தார், நல்ல புளிப்பு. நடுப்பகலில் சப்பென்று இருந்தது. மாலையில் இலேசான கசப்பு. அவர் எழுதிய குறிப்பு 1815-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. ரணகள்ளியும் கற்றாழையும் வேறுவேறு குடும்பம். ஆனால் இரவில் மூச்சு வாங்கும் வித்தை இரண்டுக்கும் ஒன்றுதான்.

கற்றாழையின் பூர்வீகம் அரேபிய மண் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். 1768-இல் பர்மன் என்ற டச்சுத் தாவரவியலாளர் அதை 'அலோ வெரா' என்று எழுதினார். வெரா என்றால் லத்தீனில் மெய்யான என்று பொருள். நம் சித்த வைத்தியம் அதற்கு வைத்த பெயர் குமரி. எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

'எங்க வீட்டுக் கற்றாழை பூக்கவே மாட்டேங்குது' என்று பலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது தாழ்வாரத்து நிழலில் சின்னத் தொட்டியில் குட்டிகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பூக்க வேண்டுமானால் அதற்கு வயது வேண்டும், மூன்று நான்கு ஆண்டாவது. வெயில் வேண்டும், அரை நாளுக்குக் குறையாமல். நான் முதலில் வைத்தது ஐப்பசி மழையில் தூர் அழுகிப் போயிற்று. ஏரிப் பக்கத்துக் களிமண்ணில் பள்ளத்தில் வைத்தது என் தவறு. இப்போது ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டி, செம்மண்ணில் பொடி ஜல்லி கலந்து வைத்திருக்கிறேன். மழை பெய்த கையோடு நீர் இறங்கிவிடுகிறது. கோடையில் பத்து நாளைக்கு ஒரு தண்ணீர் போதும். சாலையோரத்து ஆனைக்கற்றாழை வேறு. அது மெக்சிகோப் பக்கத்திலிருந்து வந்தது, ஒரே ஒரு முறை பூத்து மடிந்துவிடும். நம் சோற்றுக்கற்றாழை பூத்த பிறகும் இருக்கும், அடுத்த ஆண்டும் பூக்கும்.

மேட்டில் உள்ளதும் இதே தையில் பூத்தது. மூன்றடித் தண்டு. நுனியில் மொட்டுகள் மேல்நோக்கி நெருங்கி நிற்கும். மலரும் நேரம் வரும்போது ஒவ்வொன்றாய்த் தலை சாயும். அடியில் உள்ளவை முதலில் மலரும். ஒவ்வொரு பூவும் ஒரு அங்குல நீளத்தில் மஞ்சள் குழல், ஓரங்களில் பச்சைக் கீற்று. முதலில் ஆறு மகரந்தத் தாள்களும் குழலுக்கு வெளியே வந்து பொடியைக் கொடுக்கும். அவை வாடிய பிறகுதான் சூலகத்தின் முடி நீண்டு வெளியே வரும். தன் மகரந்தம் தன்மேலேயே படாதிருக்க இந்த ஏற்பாடு.

காலை ஏழு மணிக்கு ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு வரும். அரக்குச் சிவப்பு முதுகு, மஞ்சள் வயிறு. தண்டையே கிளையாகப் பிடித்துக்கொண்டு, வளைந்த அலகைக் குழலுக்குள் விடும். அலகின் வளைவும் குழலின் நீளமும் ஒன்றுக்கொன்று அளவெடுத்ததுபோல் இருக்கும். நெற்றியில் மஞ்சள் பொடியோடு அடுத்த பூவுக்குப் போகும்.

இதில் என்னை நெகிழ வைப்பது இன்னொன்று. இத்தனை பூவுக்கும் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. சோற்றுக்கற்றாழை தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. எங்கள் தெருவில் உள்ளதெல்லாம் ஆயா நட்ட ஒரு செடியின் பக்கக்கன்றுகள். கைமாறிக் கைமாறி இருபது வீட்டில் நின்றாலும் உயிர் ஒன்றுதான். இங்கே விதை பிடிப்பது அரிது. அப்படியும் தைக்குத் தை தண்டு வருகிறது, குழல் நிறையத் தேன் ஊறுகிறது, சிட்டு குடித்துவிட்டுப் போகிறது.

நிலைப்படியில் தொங்கும் செடிக்கும் சிட்டு வந்தது. வேரில் மண் இல்லாத செடி, மடலைச் சுருக்கித் தன் நீரிலிருந்து ஊறவைத்த தேன் அது. நிமிர்ந்த தண்டில் பூக்கள் முறைப்படியே தரையைப் பார்த்துத் தொங்கின. சிட்டு கயிற்றில் உட்கார்ந்து பார்த்தது, பிறகு தண்டுக்குத் தாவியது. நான் வாசல் கதவைத் திறக்காமல் பின்கட்டு வழியாகப் போனேன்.

போன வாரம் மூன்றாம் வீட்டு அக்கா புதுமனை புகுவதற்கு ஒரு கன்று கேட்டார். தாயின் வேரிலிருந்து பிரித்து, வெட்டுவாய் ஆறட்டும் என்று இரண்டு நாள் நிழலில் போட்டு வைத்துக் கொடுத்தேன்.

"வாசல்ல கட்டறதா தம்பி, மண்ணுல வைக்கிறதா?"

இன்னொரு கன்றையும் எடுத்துக் கொடுத்தேன்.