பால் துணியப்படாத பூனை

அமெரிக்க நாளிதழ்ப் படக்கதைகளுள் ஜார்ஜ் ஹெரிமன் 1913 முதல் 1944-இல் தாம் மறையும் வரை வரைந்த ‘கிரேசி கேட்’ தனித்தன்மை வாய்ந்தது. இக்னாட்ஸ் என்னும் எலி பூனையின் தலையிற் செங்கல் எறியும். பூனை அதனைக் காதற் குறியெனக் கொண்டு மகிழும். காவலனாகிய நாய் எலியைச் சிறையிடும். முப்பதாண்டும் கதை ஏறக்குறைய இவ்வளவே. எனினும், 1924-இல் திறனாய்வாளர் கில்பர்ட் செல்டிஸ் இதனை உயர்கலையெனப் போற்றினார்.

அப்பூனை ஆணோ பெண்ணோ என்பது துணியப்படவில்லை. ஆசிரியரே ஒருகால் ஆண்பாற் சொல்லாலும் ஒருகால் பெண்பாற் சொல்லாலும் அதனைச் சுட்டுவார். ஆங்கில வினை பால் காட்டாமையின் இவ்விளையாட்டு அங்கு எளிது. தமிழிற் பெயர்ப்போர் யாது செய்வர்? ‘அது’ எனின் காதல் கெடும். தன்மை முன்னிலைகளிற் பால் வேறுபாடு இன்மையின் உரையாடற்கு இடரில்லை, இடர் படர்க்கையிலேயே. உயர்திணையிற் பால் ஐயமுற்றவிடத்துப் பன்மையாற் கூறுக என்பது தொல்காப்பிய விதி. ஆயின் அது காண்போனது ஐயத்திற்கு உரியது. ஈண்டோ பொருளிடத்தே துணிவில்லை. அன்றியும், ‘வந்தார்’ என்பது இன்று மதிப்புப் பொருள் தருமாதலின் அப்பேதைப் பூனைக்குச் சிறிதும் பொருந்தாது.

பலர்பால் ஒழிந்த படர்க்கைக்கெல்லாம் பொதுவாகிய செய்யுமென் முற்றே ஏற்றது என்பது எம் கருத்து: ‘கிரேசி வரும், கல்லடி படும், மகிழும்’. ஆயின் இன்றைய செவிக்கு அம்முற்று அஃறிணையாகவே ஒலிக்கும். மேலும், அது பாலை மறைக்குமேயன்றி, ஹெரிமனைப் போல மாற்றி மாற்றிக் காட்டாது.