எத்தனை பர்சன்ட் போட்டாங்க?

மாற்றுத் திறனாளிகளுக்கான மருத்துவ முகாமில் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வருபவரிடம், வரிசையில் நிற்பவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: “எத்தனை பர்சன்ட் போட்டாங்க?” கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டப்படி குறைபாடு 40 சதவீதம் இருந்தால்தான் அரசு வேலை இட ஒதுக்கீடு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கான மத்திய அரசு ஓய்வூதியத்துக்கு 80 வேண்டும். தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் தரும் பராமரிப்பு உதவித்தொகையில், அறிவுசார் குறைபாட்டுக்கு 40 போதும். கடும் உடல் பாதிப்பு என்றால் 75.

அந்த எண் எப்படி வருகிறது? பஸ் ஏற முடியவில்லை, நாலு படி ஏறினால் கால் நடுங்குகிறது என்று நீங்கள் சொல்வதை ஆர்த்தோ டாக்டர் கேட்டுக்கொள்வார். தாளில் ஏறுவதோ மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம், நிற்கவும் நடக்கவும் படி ஏறவும் எவ்வளவு முடிகிறது என்று அவரே சோதித்துப் போடும் கணக்கு. பார்வையைக் கண்ணாடி போட்ட பிறகே அளப்பார்கள். ஒரு கண் முழுதாகப் போய், இன்னொன்று நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான். ஒற்றைக் கண்ணோடு வாழ்பவருக்கு இது கசப்பான செய்தி, விதி அப்படி.

இரண்டு குறைபாடு இருந்தால் நேராகக் கூட்டிவிடுவதும் இல்லை. காலுக்கு 40, காதுக்கு 30 என்றால் 70 வராது. பெரிய எண்ணை 90இலிருந்து கழித்து, மீதியைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். விடை 57க்குச் சற்றுக் குறைவு. இது தெரியாமல் போனால், டாக்டர் வேண்டுமென்றே குறைத்துவிட்டார் என்றுதான் தோன்றும்.

மனநோய்க்கு வழி வேறு. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நான்குக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு. நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதும் சேரும். அன்றாட வாழ்க்கையே இங்கே அளவுகோல். ஆனால் இங்கேதான் குடும்பத்தார் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். குளிக்க வைப்பதற்கே தினமும் போராட்டமாக இருக்கும். டாக்டர் கேட்டால், “பரவாயில்ல சார், நல்லாத்தான் இருக்கான்” என்பார் அப்பா. நாலு பேர் முன்னால் மகனை விட்டுக்கொடுக்க மனம் வராது. அந்த ஒரு வார்த்தையில் மதிப்பெண் இறங்கிவிடும். கூட இருந்து பார்த்துக்கொள்பவரே போய், உள்ளதைச் சொல்ல வேண்டும். பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். வருடக் கணக்குக்கு அவைதான் சாட்சி.

நிலைமை மாறலாம் என்று டாக்டர் கருதினால் சான்றிதழுக்குக் காலவரம்பு போடுவார். கையில் வாங்கியதும் அந்தத் தேதியைப் பாருங்கள். தகுதி இல்லை என்று முடிவானால், “உங்களுக்குக் கிடைக்காதும்மா” என்று வாயால் சொல்லி அனுப்பிவிட முடியாது. காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். சட்டத்தின் 59ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி வைத்திருக்கிறது. அங்கே முதலில் பேசப்போவது அந்தத் தாளில் எழுதியிருப்பதைப் பற்றித்தான்.